எதிர்முனைக்காரி

என் அக்காவுக்கு உயரம் குறைவு, குரல் அதிகம். அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால், லோகோ ஷெட்டில் கரி அள்ளிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். நடுவில் ஓர் இன்ஜின் ஆவி விட்டுக்கொண்டு நின்றாலும் கேட்கும். அப்படிப்பட்டவள் நாள்கணக்காகப் புருஷனோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசாமல் இருந்ததில் ஒரு ரயிலே நின்றுபோனது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் பார்த்த வேலையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்குச் சிரிக்கிறேன், எதற்கு மூக்கைச் சிந்துகிறேன் என்று உங்களுக்கு விளங்காது.

ரயில் பாதை எங்கள் ஊரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. வந்த ரயில் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். பெட்டிகளுக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் பேசாமல் பின்னால் வரும். நீராவி இன்ஜின் அப்படி இல்லை. அதற்கு முகம் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். முதுகோடு ஒட்டிக்கொண்டு, கரியையும் தண்ணீரையும் சுமக்கிற டெண்டர் என்ற வண்டி வேறு. அதைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போக முடியாதா என்று கேட்பீர்கள். போகலாம். டிரைவருக்கு வழி சரியாகத் தெரியாது, டெண்டரிலிருந்து பறக்கிற கரித்தூள் அத்தனையும் ஃபயர்மேன் கண்ணில் விழும். அந்த ஃபயர்மேன் நான்தான். ஆகையால் இன்ஜினைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

திருப்புவதற்கு ஷெட்டுக்குப் பக்கத்தில் டர்ன்டேபிள் இருந்தது. நாங்கள் டேபிள் என்போம். வட்டமாக ஒரு பெரிய குழி, குழியின் குறுக்கே இரும்புப் பாலம், பாலத்தின் மேல் தண்டவாளம். பாலத்தின் நடுவயிறு மட்டும் ஓர் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் பாலத்தில் ஏறி நின்றதும், தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு, பாலத்தின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் தள்ளுகட்டைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு இருவர் குழியின் விளிம்போடு தள்ளிக்கொண்டே நடப்பார்கள். பாலம் இன்ஜினையும் தூக்கிக்கொண்டு அரைவட்டம் சுற்றும். ஊரைப் பார்த்து வந்த இன்ஜின் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். மோட்டார் கீட்டார் எதுவும் கிடையாது. இரண்டே ஆள்.

அவ்வளவு பெரிய இன்ஜினை இரண்டு பேர் தள்ள முடிவது டிரைவர் நிறுத்துகிற இடத்தால்தான். எடை முன்னும் பின்னும் சமமாக அச்சின் மேல் விழ வேண்டும். ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டால் பாலத்தின் ஒரு முனை கீழே அழுந்திக்கொள்ளும், ஊரே வந்து தள்ளினாலும் அசையாது. எங்கள் டிரைவர் இதில் கெட்டிக்காரர். பெண்டாட்டி பேரை மறந்தாலும் மறப்பார், நிறுத்துகிற இடத்தை மறக்க மாட்டார். அவர் நிறுத்தியதைச் சரியில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் என்னைத்தான் திட்டித் தீர்ப்பார்.

முதலில் ஒரு முனையில் என் அத்தான், அதாவது அக்காவின் புருஷன், இருந்தார். எதிர்முனையில் வேறொரு ஆள். அந்த ஆளுக்கு முதுகுவலி. சாதாரண முதுகுவலி இல்லை, இன்ஜின் வருகிற நேரம் பார்த்து வருகிற முதுகுவலி. ஒரு நாள் படுத்தவன் பிறகு எழுந்து வரவேயில்லை. அன்றைக்கு இன்ஜின் டேபிளில் நிற்கிறது, அத்தான் ஒற்றை ஆளாகத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கம் தள்ளணும்?" என்று மட்டும் கேட்டாள்.

இன்ஜின் திரும்பியது. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லித் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை, அல்லது யாரும் தேடவில்லை. அதற்கு முன்னால் அக்கா ரயில் பெட்டிகளுக்குத் திரைச்சீலை ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஜன்னலாக, ஒரே நிறத் துணி, ஒரே நேர்க்கோடு. "உக்காந்த இடத்துல மிதிச்சதெல்லாம் போதும்டா, இனிமே நடந்து தள்றேன்" என்று தையல் மெஷினை மூடி அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

டேபிளை அவள் தன் வீட்டு முற்றம் மாதிரி வைத்துக்கொண்டாள். மழை பெய்தால் குழிக்குள் இறங்கி வாளியால் தண்ணீரை இறைப்பாள். பாலத்து முனைகளுக்குக் கீழே இருக்கிற சக்கரங்களுக்குக் கிரீஸ் போடுவாள். தன் பக்கத்துக் கட்டைக்குப் பழைய போர்வைத் துணியைச் சுற்றி இறுக்கித் தைத்து உறை போட்டாள். ஆண்கள் போடுகிற பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொண்டாள். ஷெட்டில் அவளை எதிர்முனைக்காரி என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் எந்தப் பேச்சிலும் அவள் எதிர்முனையில்தான் நிற்பாள் என்பதால் எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்திருந்தது.

இன்னும் ஒரே ஒரு சங்கதி சொல்லிவிடுகிறேன். அரைவட்டம்தானே, எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் இன்ஜின் திரும்பிவிடும். ஆனால் ஒரே பக்கமாகச் சுற்றினால் அச்சு ஒரு பக்கமாகத் தேயும் என்று ஒரு தடவை இடப்பக்கம், அடுத்த தடவை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தள்ளுவது எங்கள் ஷெட்டு வழக்கம். அத்தான் "இடம்!" என்று கத்தினால், இருவரும் இன்ஜினைப் பார்த்து நின்றபடி அவரவர் இடக்கைப் பக்கம் தள்ள வேண்டும். எதிரெதிரே நிற்பதால் ஒருவர் கரிமேட்டுப் பக்கம் நடந்தால் மற்றவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடப்பார். அப்போதுதான் பாலம் சுற்றும். இதில் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. நடுவில் இன்ஜின் சுவர் மாதிரி நிற்கும். வருஷக்கணக்காக ஒன்றாக வேலை பார்த்தார்கள், ஒருவர் தள்ளுவதை மற்றவர் பார்த்ததே கிடையாது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

எதிர்முனை வேலைக்கு நிரந்தரமாக ஆள் போடப் போவதாகச் செய்தி வந்தது. அக்காவையே எடுத்துக்கொள்ளலாமா, இல்லை பெரிய ஷெட்டிலிருந்து ஓர் ஆளை அனுப்பலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்யத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். அக்காவுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. "எனக்கு இது வேணும்டா. வேறெதுவும் வேணாம், இது வேணும்" என்று என்னிடம் சொன்னாள். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள் அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தான் டீக்கடையில் வாயை விட்டார். உன் பெண்டாட்டிக்கு வேலை நிச்சயமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "அவ சும்மா கட்டையைப் புடிச்சுக்கிட்டு நடக்கிறா, தள்றது நான்தானே" என்றிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், அதுதான் பெரிய கொடுமை. அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பேச்சு வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"நான் தள்ளலையா?" என்று அக்கா கேட்டாள்.

மனுஷன் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று மழுப்பியிருக்கலாம். "பின்ன, நீயா தள்ற?" என்று கேட்டுவிட்டு ஆச்சரியமாக அவளைப் பார்த்தார். அக்கா அத்தோடு வாயை மூடினாள்.

நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால் மாட்டிக்கொண்டேன். "உங்க அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பாள் அக்கா, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "போதும்னு சொல்லு மாப்ளே" என்பார் அவர். டம்ளரை வைக்கிற சத்தத்தில் மேஜை அதிரும். வேலையிலும் இதே கதைதான். அக்கா பேசாததால் அத்தானும் வீம்புக்கு இடம் வலம் சொல்வதை நிறுத்திவிட்டார். போன தடவை இடம் என்றால் இந்தத் தடவை வலம், இதைச் சொல்ல வேறு வேண்டுமா என்று இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளினார்கள். டேபிளும் சுற்றியது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், வழக்கமான ரயிலோடு, வேகன் தள்ளுகிற ஒரு சின்ன ஷன்டிங் இன்ஜினும் வந்தது. கரி வேகன்களை விட்டுவிட்டு, அதையும் திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்கு அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

அதிகாரி குண்டான மனுஷர், நல்ல மாதிரி. ஆள் எடுக்கிற பிரிவில் இருப்பதாகவும், டேபிளை இப்போதுதான் முதல் தடவையாகப் பக்கத்தில் பார்ப்பதாகவும் அவரே சொல்லிச் சிரித்தார். குழிக்குப் பக்கவாட்டில், நான் இன்ஜினில் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் அன்றைக்கு மீசையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு வந்திருந்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதிகாரி பார்த்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். தாழ்ப்பாள் தூக்கிய சத்தம் கேட்டது.

டேபிள் அசையவில்லை.

"டிரைவரே, கொஞ்சம் பின்னாடி வாங்க!" என்று பின்முனையிலிருந்து அத்தான் குரல் வந்தது.

"என்னது?" என்றார் டிரைவர் என்னிடம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஒரு சாண் பின்னால் எடுத்தார். இருவரும் தள்ளினார்கள். பாலம் ஒரு விரற்கடை இப்படிப் போய், ஒரு விரற்கடை அப்படிப் போய், நின்றுவிட்டது.

"அண்ணே, முன்னாடி வாங்க! தப்பா நிக்குது!" என்று முன்முனையிலிருந்து அக்கா கத்தினாள்.

முன்னால் எடுத்தார். அசையவில்லை. பின்னால் எடுத்தார். அசையவில்லை. "டெண்டர்ல தண்ணி கம்மியா இருக்கும், போய்ப் பாரு" என்று என் மேல் பாய்ந்தார். தண்ணீர் போதுமான அளவு இருந்தது. "கரியை ஒரே பக்கமா அள்ளியிருப்ப" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிளாட்பாரத்தில் பயணிகள் பெட்டியை விட்டு இறங்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நிலையத்தில் மணி அடித்து ஓய்ந்தது. வேறு எந்த நாளிலாவது இந்தச் சனியன் நின்று தொலைத்திருக்கக் கூடாதா? பெண் ஆள் தள்ளினாள், இன்ஜின் அசையவில்லை என்று அதிகாரி போய்ச் சொல்வார். பெரிய ஷெட்டிலிருந்து எவனாவது வருவான். அக்கா திரும்பவும் திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பாள்.

அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாவம்ப்பா, ரெண்டு பேரும் உயிரைக் குடுத்துத்தான் தள்றாங்க. எவ்வளவு ஒத்துமை பாரு, ரெண்டு பேரும் ஒரே பக்கமா, அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கமாத்தான் தள்றாங்க. அப்படியும் நகர மாட்டேங்குதே!"

"எந்தப் பக்கம் சார்?"

"தண்ணித் தொட்டிப் பக்கம். ரெண்டு பேருமேதான்."

நான் டிரைவரைப் பார்த்தேன், டிரைவர் என்னைப் பார்த்தார். ஒருவர் இடம் தள்ளுகிறார், ஒருவர் வலம் தள்ளுகிறார். கூடவே, இருவரும் சேர்ந்து டிரைவரைக் குறை சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. டிரைவருக்கு வரவில்லை. "ரெண்டு பேரும் இங்க வாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

நான் இன்ஜினை விட்டுக் குழி ஓரத்துக்கு இறங்கி வந்தேன். முன்னாலிருந்து அக்காவும் பின்னாலிருந்து அத்தானும் வியர்க்க விறுவிறுக்க வந்து எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"இன்னிக்கு இடம்" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

"வலம்" என்றார் அத்தான், அவரும் என்னைப் பார்த்து.

"நேத்து அந்தச் சின்ன இன்ஜினையும் திருப்பினமே, அது கணக்குல வராதான்னு கேளுடா."

"அதெல்லாம் ஒரு இன்ஜினா, அதைப் போயி யாராவது கணக்குல சேப்பாங்களான்னு கேளு மாப்ளே."

"ஏன், அவங்களுக்குள்ள நேராப் பேசிக்க மாட்டாங்களா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். நான் பூட்ஸைப் பார்த்தேன். ஆனால் செய்யாத தப்புக்கு இவ்வளவு நேரம் பேச்சு வாங்கிய டிரைவர் சும்மா இருப்பாரா? டீக்கடையில் ஆரம்பித்து டம்ளர் சத்தம் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்துவிட்டார்.

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. "புருஷன் பொண்டாட்டி சண்டைக்காக ரயிலை நிறுத்தி வைக்க முடியாதும்மா" என்றார். "அதை விடுங்க. நீங்க தள்ளலை, சும்மா புடிச்சுக்கிறீங்கன்னு உங்க வீட்டுக்காரரே சொல்றார். அப்புறம் நான் உங்களை எப்படிம்மா எடுக்கிறது?"

ஊருக்கே கேட்கிற குரல் அக்காவுக்கு அப்போது வரவில்லை. "தள்றேன் சார்" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அத்தானை அங்கேயே குழிக்குள் தள்ளிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு கோட்டைக் கழற்றி அத்தான் கையில் கொடுத்தார். "நானே பாத்துடறேன். உங்க பக்கம் நான் நிக்கிறேன், நீங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்முனைக்குப் போனார். டிரைவர் மறுபடியும் இன்ஜினை முதலில் நிறுத்திய அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். பிடிவாதம்.

"எந்தப் பக்கம்மா?" என்று அதிகாரி கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"இடம்!" என்றாள் அக்கா. குரல் திரும்பி வந்துவிட்டது.

அத்தான் குழி ஓரத்தில் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் கட்டை இல்லாமல் அவர் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு முனையும் தெரியும். அக்கா பூட்ஸின் குதிகாலை விளிம்புச் செங்கலில் ஊன்றி, கட்டையில் தோளைக் கொடுத்து, உடம்பு முழுவதையும் சாய்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. அவ்வளவு பெரிய இன்ஜின் முனகிக்கொண்டு அசைந்து கொடுத்தது. அப்படி அசைகிற வரைக்கும்தான் பாடு, பிறகு ஓட்டத்தில் வந்துவிடும். அதற்குள் அவள் சட்டை முதுகு முழுக்க நனைந்துவிட்டது. எதிர்முனையில் அதிகாரி ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சாயங்காலம் உலாவப் போகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

"இவ எப்பவும் இப்படித்தான் தள்ளுவாளா?" என்று அத்தான் என்னைக் கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான்."

அக்கா சுற்றி முடித்துத் தாழ்ப்பாளைப் போட்டு, அதிலேயே கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அதிகாரி கையைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு துளி வியர்வை இல்லை.

"அட, ரொம்ப சுலபமா இருக்கேப்பா! நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்தேன்" என்றார்.

"சுலபமா இருந்துச்சுன்னா நீங்க தள்ளலைன்னு அர்த்தம் சார்" என்றார் அத்தான். வேலை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரி, யோசிக்காமல் பட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருக்கிறது. கோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அதிகாரி என்ன என்பது போலப் பார்த்தார்.

"எனக்கும் சுலபமாத்தான் இருந்துச்சு சார்" என்றார் அத்தான். "இத்தனை வருஷமும்."

அதிகாரி கோட்டை வாங்கிக்கொள்ள மறந்து நேராக அக்காவிடம் போனார். "நாளையிலேருந்து தினக்கூலி இல்லைம்மா, நீங்க எங்க ஆளு" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். பிறகு கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை, சத்தமும் அதற்குத் தகுந்தாற்போல இருந்தது. பிளாட்பாரத்தில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

அத்தான் கோட்டோடு அவள் பக்கத்தில் போய் நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தோளை லேசாகத் தொட்டார்.

"அழாத" என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் அக்கா.

அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான். அத்தான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.